எண்பத்தைந்தாம் நாள்

ஞாயிறைக் கணக்கில் எடுக்கவில்லை.
போயா நாளையும் எடுக்கவில்லை.
அதனால் நிலவு நிறைந்தபோதெல்லாம்
எனக்கொரு நாள் கூடக் கிடைத்தது.
மூன்று முழுநிலவு, ஒரு தைப்பொங்கல்,
இப்படிச் சில்லறை சேர்த்து நீட்டிய லீவு
சனிக்கிழமையோடு முடிந்தது.

உட்துறைமுக வீதியில் லீசிங் கம்பனி.
மனேஜர் நல்லவர்.
பிள்ளை சுகமா என்று கேட்டுவிட்டுத்தான்
திங்கள் வருவீங்கள்தானே என்றார்.

கச்சேரியில் வேலை பார்க்கும் பர்சானா
அரைச் சம்பளத்தில் இன்னும் வீட்டில் இருக்கலாம்,
அதற்குப் பிறகு சம்பளம் இல்லாமலும் இருக்கலாம்.
ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம்.
உன்ரை அரசாங்கப் பால், என்ரை பிரைவேட் பால் என்று
தையல் நோகும்வரை சிரித்தோம்.
அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு எழுதினேன்.
சம்பளம் நாற்பத்திரண்டு.
ஓர்ஸ்ஹில்லில் பெனடிக்டா ரீச்சர் வீட்டில்
பதினொரு பிள்ளைகள், ஒரு மின்விசிறி,
மாதம் பதினெட்டு;
ஐந்து மணி தாண்டினால் அரைமணிக்கு அரைமணி தனிக் காசு.
வீட்டோடு ஆள் வைத்தால் இருபத்தைந்து,
சாப்பாடு எங்களுடையது.
மாப்பால் பெட்டி.
ஓட்டோ.
கழித்துக் கழித்துக் கடைசியில் வந்த எண்ணைப்
பார்க்க வெட்கமாக இருந்தது.
அதன் மேல் பால் போத்தலை வைத்தேன்.

குடும்பநல மிஸ் வந்து
தராசைக் கொளுக்கியில் மாட்டிப்
பிள்ளையை நிறுத்துப் பார்த்தா.
ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்
என்று அட்டையில் அச்சடித்திருந்தது.
ஆறில் மூன்றரையைக் கழித்தேன்.
மிச்சம் இரண்டரை மாதத்துக்கு
அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
வேலை நேரத்தில் பால் கொடுக்க விடவேணும், சட்டம் இருக்கு,
கேளுங்கோ என்றா மிஸ்.
கேட்டேன்.
மேலே கேட்டுச் சொல்கிறாராம்.
மேலே என்பது கொழும்பு.

அம்மாவைக் கூப்பிடன் என்கிறார்கள்.
அம்மா ரொறன்ரோவில்
அக்காவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறா.
அக்காவுக்கு ஒரு வருட லீவு,
அதற்கு மேல் அம்மா.
வீடியோவில் என் மகளைப் பார்த்து
மற்றப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கொஞ்சினா.
நான் திருத்தவில்லை.

கஜமுகன் இரவு வேலை கேட்டு எழுதிக் கொடுத்தான்.
சீனன்குடாவில் மா ஆலை,
விடிய ஆறுக்கு முடியும்.
ஏழே முக்காலுக்கு நான் படலை தாண்ட வேண்டும்.
இடையில் இருப்பதுதான்
நாங்கள் மூன்று பேரும் குடும்பமாக இருக்கிற நேரம்.
அவள் உறங்கினால் அவன் உறங்கலாம்.
பழகிடும் என்றான்.
ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை இரண்டு தரம் முகம் கழுவியும்
அவன் காது மடலில் மா இருந்தது.
பிள்ளை தும்மினாள்.
அவன் கையில் அவளைக் கொடுத்தபோது
என் தோளில் ஒரு விரல் கொளுவிக்கொண்டது,
அதைக் கழற்ற
நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது.

சந்தைக்குப் பின்னால்
மான்கள் கீரைத் தண்டு தின்றுகொண்டு நின்றன.
மடி கனத்த ஒன்று, பக்கத்தில் குட்டி இல்லை.
எந்த மதிலோரம் படுக்க வைத்துவிட்டு வந்ததோ.
குட்டியை எங்கே விட்டாய் என்று
அதை மறித்துக் கேட்பார் இல்லை.
அது அவசரப்படாமல் தின்றது.

பத்தரைக்குக் கவுண்டரில்
ஓட்டோத் தவணை கட்ட வந்தவளின் இடுப்பில்
பிள்ளை வீரிட்டது.
என் சட்டை நனைந்தது.
ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி
ரசீதை நீட்டினேன்.
அவள் ரசீதைப் பார்க்கவில்லை.
எத்தனை மாதம், என்றாள் மெல்ல.
திரையைப் பார்த்து,
இன்னும் இருபத்தாறு இருக்கு என்றேன்.

அதில்லை, பிள்ளைக்கு.